ஏர் லாக்கர் என்று பணம் வாங்கினார்கள், உள்ளே இருந்தது வெல்டிங்: முன் ஆக்சில் கட்டுவோர் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பழைய ஜீப்புக்கு வலுவான முன் ஆக்சில் (முன் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் அச்சுத் தொகுதி) கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். காற்றழுத்தத்தால் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஏர் லாக்கருக்கு உண்டான விலையை என்னிடம் வாங்கிக்கொண்டு, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டி, மூடியைப் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். லாக்கருக்காக மட்டும் கொடுத்த தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும். பணம் போனதைக்கூட ஒருவன் தாங்கிக்கொள்ளலாம். ஸ்டியரிங் திருப்புகிற சக்கரங்களுக்கு இந்த வேலையைச் செய்வது உயிரோடு விளையாடுவது. புகார் நடவடிக்கையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. புதுச்சேரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

முன் ஆக்சிலுக்கு எந்த டிஃபரன்ஷியல் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்தேன். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரம் சேற்றில் சுழல ஆரம்பித்ததும் மறு சக்கரத்துக்கு இழுவை கிடைக்காது. ஒரு சக்கரம் மட்டும் மிஞ்சிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை ஓரளவு உதவும்; ஆனால் ஒரு சக்கரம் தரையைவிட்டு முழுதாகத் தூக்கிக்கொண்டால் அதுவும் கைவிட்டுவிடும். தானியங்கி லாக்கர் வலுவானதுதான். இழுவை கொடுக்கும்போது ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவது அதன் குணம். வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது விடுவிக்கிற லாக்கர்தான் முன்பக்கத்துக்குச் சரி என்பது என் தீர்மானம். காற்றில் இயங்குவது, மின்சாரத்தில் இயங்குவது, கேபிள் இழுப்பது என்று அதில் வகைகள் உண்டு. நான் காற்று வகையைக் கேட்டேன். பட்டறைக்காரரும் ‘சார், அதுதான் சரியான தேர்வு’ என்று ஒத்துக்கொண்டார்.

வெல்டிங் வைத்த டிஃபரன்ஷியலை முன்னால் போடவே கூடாது என்பதற்குக் காரணம் எளியது. வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதற்குத்தான் ஸ்டார் பினியன்கள் இருக்கின்றன. அவற்றை ஒட்டிவிட்டால் இரண்டு அச்சும் ஒரே கம்பியாகிவிடும். தளர்ந்த மணலில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். பிடிப்புள்ள தரையில் வழுக்க இடமில்லாததால், அந்த முறுக்கு முழுவதும் சக்கரத்தருகே அச்சை வளைந்து சுற்ற விடும் கிராஸ் ஜாயிண்டில் ஏறும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியிருக்கும் நிலையில்தான் அந்த ஜாயிண்ட் மிகவும் பலவீனமாக இருக்கும். வண்டியும் திரும்பாமல் நேரே தள்ளிக்கொண்டு போகும். தவிர, கடினப்படுத்திய கியர் எஃகின் மேல் வைக்கும் வெல்டிங் நொறுங்கும் தன்மையுள்ளது. உடைந்த துண்டு கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றும் பினியனுக்கும் இடையில் விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

இவர்கள் ஏமாற்றிய விதத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். போனட்டுக்குள் உண்மையான கம்ப்ரசர் இருந்தது. டேஷ்போர்டில் சுவிட்ச் இருந்தது, அழுத்தினால் விளக்கு எரிந்தது. நீலக் குழாய் ஒன்று சேசிஸ் ஓரமாக ஒழுங்காகக் கட்டப்பட்டு ஆக்சில் ஹவுசிங் வரை வந்து ஒரு பித்தளை நிப்பிளில் முடிந்தது. சுவிட்சைப் போட்டால் கம்ப்ரசர் ஓடி, அழுத்தம் ஏறியதும் நின்றது. அணைத்தால் ‘புஸ்’ என்று காற்று வெளியேறியது. இதையெல்லாம் முன்னால் நின்று பார்க்கிற எவரும் லாக்கர் வேலை செய்கிறது என்றுதான் சொல்வார்கள்.

முன் சக்கரங்களில் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தது அவர்களுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. ஹப்பை விடுவித்த நிலையில் சக்கரம் அச்சோடு சேராமல் தனியாகச் சுற்றும். உள்ளே வெல்டிங் இருந்தாலும், ஏன், டிஃபரன்ஷியலே இல்லாவிட்டாலும் சாலையில் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர்களே ஓட்டிக் காட்டியபோது வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஹப்பைப் பூட்டி ஃபோர் வீலில் ஓட்டிக் காட்டச் சொன்னதற்கு, தார்ச்சாலையில் அப்படி ஓட்டக்கூடாது என்று பதில் வந்தது. அது உண்மையும்கூட. ஓர் உண்மையை வைத்தே பொய்யை மூடினார்கள்.

கேப்பர் மலைப் பக்கம் செம்மண் ஓடை ஒன்றில் ஏறும்போது விஷயம் வெளியே வந்தது. ஹப்பைப் பூட்டியிருந்தேன், லாக்கர் சுவிட்சைத் தொடவே இல்லை. இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, கெட்டியான சரளைமேட்டில் ஏற்றியபோது ஸ்டியரிங் கையை மீறி நேராக இழுத்தது. அடுத்த நொடி வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மைத்துனர் டயர் வெடித்துவிட்டது என்று நினைத்தார். இறங்கிப் பார்த்தால் வலப்பக்க அச்சின் கிராஸ் ஜாயிண்ட் உடைந்து, அதைத் தாங்கும் யோக்கின் ஒரு காது பிய்ந்து தொங்கியது. வேகம் இல்லாத இடம் என்பதால் பிழைத்தோம்.

வண்டியைக் கட்டி இழுத்து மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். லாரி ஆக்சில் வேலையிலேயே தலை நரைத்தவர். முதலில் அந்த நிப்பிளைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஹவுசிங்கில் ஓட்டையே இல்லை! மேற்பரப்பில் அரை விரல் ஆழத்துக்குத் துளைபோட்டு மரை எடுத்து, முட்டுச்சந்தில் குழாயைச் செருகியிருந்தார்கள். அழுத்தம் ஏறி நின்றதும், அணைத்தபோது காற்று வெளியேறியதும் குழாய்க்கும் வால்வுக்கும் நடுவிலேயே நடந்தவை. பிறகு மூடியைத் திறந்தார். எண்ணெய் வடிந்ததும் விளக்கை உள்ளே காட்டினார். நான்கு பல்சக்கரங்களும் ஒன்றோடொன்று சேருமிடத்தில் வெல்டிங் கட்டிகட்டியாக நின்றது. அதைச் சுத்தம் செய்யக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘பின்பக்கம் செய்திருந்தால்கூடத் திட்டிவிட்டு விட்டுவிடுவேன் தம்பி, முன்பக்கம் செய்திருக்கிறார்களே’ என்றார்.

அதோடு நிற்கவில்லை. கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். என் ஆக்சிலில் கிரவுன் வீலில் ஓர் எண், பினியனில் வேறோர் எண். பழைய இரும்புக் கடையில் தனித்தனியாக எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். பல்லில் தடம் பார்க்கும் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தபோது, பல்லின் நடுவில் விழ வேண்டிய தடம் விளிம்பில் விழுந்தது. முன் ஆக்சிலில் இது இன்னும் கேடு. பின் ஆக்சிலுக்கு வெட்டிய கியரையே முன்னால் போட்டால், வண்டி முன்னோக்கிப் போகும்போது பல்லின் பலம் குறைந்த பக்கம்தான் சுமை தாங்கும். பொருத்தமும் பிசகினால் எத்தனை நாள் தாங்கும்?

இனி ஆக்சில் கட்டுபவர்களுக்கு என் வேண்டுகோள்: மூடி போடுவதற்கு முன் நேரில் போய் உள்ளே பாருங்கள். வரக்கூடாது என்று சொல்லும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். லாக்கரின் பெட்டி, அதன் பாக எண், வாங்கிய ரசீது மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். ‘ஆக்சில் வேலை, மொத்தம்’ என்று ஒரே வரியில் பில் போட விடாதீர்கள். பல் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். பழைய ஜீப்புகளில் பரவலாக இருக்கும் 5.38 என்ற விகிதம் 43 பல் கிரவுன் வீலும் 8 பல் பினியனும் சேர்ந்தது. முன்னும் பின்னும் விகிதம் ஒத்துப்போகாவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும்போது, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு சாகும். லாக்கர் வாங்கும்போதும் விகிதத்தைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். டானா 44 என்ற ஆக்சில் வகையில் 3.73-உம் அதற்குக் கீழும் ஒரு கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு), 3.92-உம் அதற்கு மேலும் வேறு கேரியர். அச்சு நுனியில் இருக்கும் வரிப்பற்களிலும் (ஸ்ப்ளைன்) 19 ஸ்ப்ளைன், 30 ஸ்ப்ளைன் என்று உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது.

ஏற்கெனவே கட்டிமுடித்தவர்கள் மூடியைத் திறக்காமலே சோதிக்கலாம். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். என்ஜின் அணைந்திருக்கட்டும், கியரையும் ஃபோர் வீலையும் போட்டு, ஹப் இரண்டையும் பூட்டுங்கள். லாக்கர் அணைந்த நிலையில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சுவிட்சைப் போட்டதும் இரண்டுமே அசையக் கூடாது. சுவிட்ச் அணைந்திருக்கும்போதே இரண்டும் இறுகி நின்றால் உள்ளே இருப்பது வெல்டிங்தான். கம்ப்ரசர் சத்தத்தையும் விளக்கையும் நம்பாதீர்கள்.

விஷயம் தெரிந்ததும் பட்டறைக்காரரிடம் பேசினேன். பையன்கள் தவறிச் செய்துவிட்டார்கள், அந்தக் கேரியரைக் கொண்டுவந்து கொடுங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள், கைவிட்டுப் போனால் சாட்சியே இல்லை. கழற்றும்போதே படம் எடுத்து, கழற்றிய மெக்கானிக்கிடம் எழுத்து வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள். பட்டறை புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கேதான் அலைய வேண்டுமோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழி கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நான் கடலூரிலேயே மனு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி நீல குழாயும் பித்தளை நிப்பிளும் உங்கள் ஆக்சிலில் இருந்தால், ஹப்பைப் பூட்டி மேடு ஏறுவதற்கு முன் அந்த நிப்பிளைக் கழற்றி ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.