மேர்க்குரி-ரெட்ஸ்டோன், இருபதில் ஒரு பங்கு: தண்ணீரில் பறக்கும் மாதிரி ரொக்கெட்டும் சில நெற்போகத்து அனுபவமும்

வரலாற்றில் இடம்பெற்ற ரொக்கெட் ஒன்றை அளவு பிசகாமல் சிறிதாக்கி, அதைப் பறக்கவும் விட வேண்டும் என்று விரும்புபவர் மட்டக்களப்பில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதை எதனால் பறக்க வைப்பது என்பதைத்தான். வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்கள் கடையில் வாங்கிப் பொருத்தும் கருமருந்து மோட்டார்கள் இங்கே வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருவன. அனுமதிப்பத்திரம் இன்றி அவற்றைத் தொட முடியாது. புகையோடும் ஓசையோடும் வானில் ஏறுகின்ற எதனையும் இப்பகுதியின் மூத்தவர்கள் விளையாட்டாகப் பார்க்க மாட்டார்கள் என்பதும் என் கணக்கில் இருந்தது. ஆகவே நீரையும் அமுக்கிய காற்றையும் தெரிவுசெய்தேன்: பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் கொஞ்சம் நீர் விட்டு, பம்ப்பால் காற்றை அடைத்துத் திறந்துவிட்டால், காற்று நீரைக் கீழே பீய்ச்ச, போத்தல் மேலே கிளம்பும். அந்தப் போத்தலே மாதிரியின் உடல்.

எந்த ரொக்கெட் என்பதைச் சோடாப் போத்தல்தான் தீர்மானித்தது. ஒன்றரை லீற்றர் போத்தலின் விட்டம் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான அலன் ஷெப்பர்டை 1961 மே 5 அன்று 187 கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டுசென்ற மேர்க்குரி-ரெட்ஸ்டோனின் உடல் விட்டம் 1.78 மீற்றர், அதன் இருபதில் ஒரு பங்கு 8.9 சென்ரிமீற்றர். தப்பிக்கும் கோபுரம் (ஆபத்தில் விண்கலத்தை ரொக்கெட்டிலிருந்து பிரித்து இழுத்துச்செல்ல உச்சியில் நின்ற கூடு) உட்பட முழு உயரம் 25.4 மீற்றர் என்பதால் மாதிரி 1.27 மீற்றர் நீளமாக அமைகிறது. சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சற்றர்ன் 5 எல்லோரும் விரும்புகிற ரொக்கெட் என்றாலும், மேலே போகப் போக மெலிந்து வரும் அதன் உடலை ஒரே தடிப்பான போத்தலைச் சுற்றிக் கட்டுவதற்குள் பாதி மாதிரி வெறும் கூடாகிவிடும். ஜேர்மனியரின் ஏ-4 (வி-2 என்ற போர் ரொக்கெட்) கதிர் போல நடுவில் பருத்தது. அதற்கும் போத்தல் ஒத்துவராது. ரெட்ஸ்டோனோ அடி முதல் கலம் வரை நேரான உருளை. விண்கலத்தின் அடிப்பகுதி மட்டும் உடலை விடச் சற்று அகலமானது. அந்தச் சிறு விளிம்பைச் சரியாக எடுத்துவிட்டால் தூரத்தில் நிற்பவருக்கும் ரொக்கெட் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

அடையாளம் தெரிவது ஒன்று, நேராகப் பறப்பது வேறொன்று. மெய்யான ரெட்ஸ்டோனின் செட்டைகள் சிறியவை. அதன் திசையைக் காத்தவை செட்டை நுனிகளில் இருந்த சுக்கான்களும், எரிந்த வாயு வெளியேறும் பாதையில் நின்ற கரித் தகடுகளுமே. அவற்றைத் தன்னியக்கக் கட்டுப்பாட்டுக் கருவி ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தது. மாதிரியில் அப்படி எதுவும் இல்லாததால், அதன் புவியீர்ப்பு மையம் அமுக்க மையத்தை (காற்றின் விசைகள் ஒன்றுசேர்ந்து தாக்கும் புள்ளியை) விடக் குறைந்தது ஓர் உடல் விட்டமளவு முன்னால் இருந்தாக வேண்டும். இல்லையேல் அது காற்றில் குட்டிக்கரணம் அடிக்கும். செட்டைகளைப் பெரிதாக்கினால் ரெட்ஸ்டோன் ரெட்ஸ்டோனாக இராது. நான் கைக்கொண்ட வழி, அளவுப்படி வெட்டிய வெள்ளைச் செட்டைகளின் பின்னால் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டி நீட்டுவது. அளவு மாதிரிகளில் இது பழைய உத்தி. விண்கலத்தினுள் 60 கிராம் களிமண்ணையும் அடைத்தேன். நீண்ட உடல் இங்கே பெரிய உதவி. முனையில் வைக்கும் சிறு பாரமும் நெம்புகோலின் பலனைத் தருகிறது. கட்டி முடித்ததும், நீரில்லாத மாதிரியின் புவியீர்ப்பு மையத்தில் நூலைக் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்றிப் பார்ப்பது நல்லது. முனை முன்னோக்கி நின்றால் பறக்க விடலாம். பக்கவாட்டில் திரும்பினால் இன்னும் பாரம் சேர்க்க வேண்டும்.

கோபுரத்துக்கு ஈர்க்கு போல ஏற்ற பொருள் வேறில்லை. மூன்று கால்களும் அவற்றுக்கிடையே குறுக்குச் சட்டங்களும் கொண்ட அந்தக் கூட்டை முதலில் பிளாஸ்டிக் குச்சியில் செய்தேன். இறங்கும்போது முதலில் முறிவது அதுவே. தென்னோலை ஈர்க்கு வளைந்து நிமிர்கிறது, பாரமும் இல்லை, ஒரு விளக்குமாற்றில் பல கோபுரங்களுக்கு ஈர்க்கு இருக்கிறது. இந்த மாதிரியில் ஒருவர் எதையேனும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

பறப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். ஷெப்பர்டின் ரொக்கெட் புறப்படும்போது சுமார் 66,000 இறாத்தல் எடையும் 78,000 இறாத்தல் உதைப்பும் கொண்டிருந்தது; எனவே அது தயங்கித் தயங்கி எழுந்தது. போத்தலின் முழு வாயையும் திறந்து, சதுர அங்குலத்துக்கு சுமார் 72 இறாத்தல் அமுக்கத்தில் விடும்போது, நீருடன் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடிய மாதிரி தன் எடையைப் போல நாற்பது மடங்குக்கு மேற்பட்ட உதைப்பைப் பெறுகிறது. நீர் முழுவதும் வெளியேற ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கே போதும். பார்ப்பவருக்குச் சீறலும் ஈரமுமே மிஞ்சும். ரொக்கெட் எழுந்த காட்சி கிடைக்காது. அதோடு, அத்தனை வேகமுடுக்கத்தில் முனையிலுள்ள 60 கிராம் களிமண் ஒட்டுகளை இரண்டரைக் கிலோ பாரமாக அழுத்துகிறது. பின்னர் தோட்டக் குழாயின் விரைவு இணைப்பியை வாயில் பொருத்தி, துளையைச் சுமார் 9 மில்லிமீற்றராகக் குறுக்கினேன். உதைப்பு ஆறில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. நீர் வெளியேறும் நேரம் கால் செக்கனளவுக்கு நீண்டது. மாதிரி வெண்ணிற நீர்த்தம்பத்தின் மேல் ஏறுவதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது. உயரத்தில் சற்று இழப்பு உண்டு. தென்னைகளுக்கு மேலாக எழுந்தால் எனக்குப் போதும் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

விடுவிக்கும் பொறியிலும் இந்த மாற்றம் நன்மை செய்தது. முன்பு போத்தலின் கழுத்தைக் கேபிள் டைகளின் வளையம் பிடித்திருந்தது. அவற்றுள் ஒன்று பிந்தி விலகினால் ரொக்கெட் சாய்ந்து கிளம்பும். எந்தப் பிணைப்பு முதலில் விலகுகிறது என்பது அற்பமான விடயமன்று. 1960 நவம்பர் 21 அன்று ஆளில்லாத முதல் மேர்க்குரி-ரெட்ஸ்டோன் சுமார் 4 அங்குலம் எழுந்ததும், அதன் அடியிலிருந்த இரண்டு மின்னிணைப்புகள் முறை மாறிக் கழன்றதால் எஞ்சின் நின்று, ரொக்கெட் மீண்டும் மேடையிலேயே அமர்ந்தது. தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியே பறந்துபோக, எரிபொருள் நிரம்பிய ரொக்கெட்டின் உச்சியில் பரசூட் வெளியே வந்து தொங்கியது. விரைவு இணைப்பியிலோ ஒரே வளையம், ஒரே இழுப்பு.

பரசூட்டை வெளியேற்றுவது திருவிழாக் கடையில் வாங்கிய, சாவி கொடுத்து ஓட்டும் பொம்மையின் பற்சக்கரப் பெட்டி. மாதிரி கிளம்பியதும் அது சுற்றத் தொடங்கி, உச்சியை நெருங்கும்போது இறப்பர் வளையத்தை விடுவிக்கிறது. 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குடை 320 கிராம் மாதிரியைப் பாதிப்பின்றி இறக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே குடை மாதிரியை வரம்பு பல தாண்டி இழுத்துச் செல்வதால், அக்காலத்தில் சிறியதொன்றை மாட்டி, வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கிறேன்.

பறக்க விடும் இடம், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்த வயல். கல்லடிக் கடற்கரை திறந்த வெளிதான். ஆயினும் இணைப்பில் காற்றுக் கசியாமல் தடுக்கும் இறப்பர் ஓ வளையத்தில் மணல் புகுந்தால் காற்று கசியும், கடற்காற்றும் அங்கே ஓய்வதில்லை. திமிலைதீவுப் பக்கம் விமான நிலையம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். வயற்காரர் முதல் நாள் "யானை வெடியோ தம்பி?" என்று, யானை விரட்டும் வெடியென நினைத்துக் கேட்டார்; தண்ணீர் என்று சொன்ன பிறகு அவரே வாய்க்காலில் இருந்து வாளியில் மொண்டு தந்தார்.

தேய்மானத்தில் அதிகம் தாங்காதது மட்டையால் சுற்றிய உடலுறை. வாடைக்காற்றுக் காலத்து ஈரப்பதனில் அது ஊதி, கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் மேலிருந்து கீழாக எழுதிய "யுனைட்டட் ஸ்டேட்ஸ்" எழுத்துகளும் நெளிந்தன. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மீண்டும் செய்த உறை இரண்டு மாரிகளைக் கண்டும் அப்படியே இருக்கிறது. வர்ணம் அந்த உறையில் மட்டுமே பட வேண்டும். ஸ்ப்ரே பெயின்ட்டின் கரைப்பான் போத்தலில் நேரடியாகப் பட்டால் அதன் வலிமை குறையக்கூடும். வெயிலில் மூடிக் கிடக்கும் வாகனத்தினுள் போத்தலை விட்டுவைப்பதும் அத்தகையதே. போத்தலை நான் இடைக்கிடை மாற்றிவிடுகிறேன். புதியதை முதலில் விளிம்பு வரை நீரால் நிரப்பி, பறக்கும் அமுக்கத்தை விடக் கூட்டிச் சோதிக்கிறேன். நீர் நிறைந்த போத்தல் வெடித்தாலும் காற்று நிறைந்ததைப் போலச் சிதறாது. அப்படியிருந்தும் பம்ப் அடிக்கும்போது நீண்ட குழாயின் மறுமுனையில் நிற்பதும், பிள்ளைகளை இன்னும் தள்ளி நிறுத்துவதும் கட்டாயம்.

இன்னும் சரிவராதது தெளிந்த செட்டை நீட்சிகள். வைக்கோல் அடிக்கட்டையில் உரசி அவை மங்கிவிட்டன. மங்கினால் கண்ணுக்குத் தெரிகின்றன. வருகிற சிறுபோக வெட்டுக்கு முன் அவற்றை ஒட்டாமல் சொருகிக் கழற்றும் விதமாக மாற்றிவருகிறேன். செட்டைகள் பொருந்தும் அடிப்பாவாடையில் (உடலின் அடிப்பகுதி உறையில்) அதற்கான பள்ளங்களை வெட்டியாயிற்று.