கோல்ஃப் பந்து: இறகு அடைத்ததா, மரப்பாலில் உருட்டியதா?

ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை இறகு அடைத்த பந்துதான் ராஜா. ஈரத் தோலைப் பையாகத் தைத்து, வேகவைத்த வாத்து இறகை ஒரு பெரிய தொப்பி நிறைய எடுத்து உள்ளே திணிப்பார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். பந்து கல்போல இறுகிவிடும். எவ்வளவு அழகான கைவேலை! ஆனால் தேர்ந்த கைவினைஞர்கூட ஒரு நாளில் நாலைந்து பந்துகள்தான் செய்ய முடியும். அதனால் விலை அதிகம். மழையில் நனைந்தால் தையல் விட்டுவிடும்.

1848 வாக்கில் கட்டாபெர்ச்சா பந்து வந்தது. மலாய்க் காட்டு மரத்தின் பால் இறுகிய பொருள் அது. வெந்நீரில் போட்டால் இளகும். உருட்டி ஆறவைத்தால் பந்து தயார். நசுங்கினாலும் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். விலையும் மலிவு. ஒரு குறை உண்டு: வழவழப்பான புதுப் பந்து ஒழுங்காகப் பறக்காது. அடிபட்டு வடு விழுந்த பழசுதான் நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்த பிறகு, புதுப் பந்திலேயே சுத்தியலால் கொத்திவிட்டார்கள். இன்றைய பந்தின் குழிகளுக்கு மூலம் அதுதான்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் இறகுப் பந்து செய்த ஆலன் ராபர்ட்சன் புதுசை வெறுத்தார். அதை வைத்து ஆடியதற்காக, தன்னிடம் வேலை பார்த்த டாம் மோரிஸோடு சண்டையிட்டுப் பிரிந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் ஓட்டு மரப்பால் பந்துக்கே. காசில்லாதவர்களையும் ஆட வைத்தது அது.