ஏரி, கடல், சாக்கடை: எந்தத் தண்ணீரைக் குடிநீராக்குவது எளிது?

'ஏரி நீர், கடல் நீர், கழிவுநீர் – இவற்றில் எதைக் குடிநீராக்குவது எளிது? காரணம் தருக.' வேதியியலில் நீர்ப் பாடத்தைத் திருப்பிப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும். படியவைத்தல், வடிகட்டல், குளோரின் சேர்த்தல் என்று வரிசையை ஒப்பித்துவிட்டு, 'காரணம்' என்ற இடத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள். வரிசை கிடக்கட்டும். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கரையாமல் மிதப்பது, கரைந்து கலந்திருப்பது, உயிரோடு இருப்பது என்று மூன்று வகைதான். எது அதிகமோ அதை நீக்கத்தான் காசும் மின்சாரமும் போகும்.

மூன்றையும் ஒரே ஊரில் பார்க்கச் சென்னை வசதியான இடம். புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஒரு பக்கம்; மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்கள் இன்னொரு பக்கம்; கொடுங்கையூர், கோயம்பேடு கழிவுநீர் நிலையங்கள் மூன்றாவது.

ஏரி நீர்

இதில் கரைந்த உப்பு பொதுவாகக் குறைவு. தொல்லை தருவது கலங்கலும் கிருமியும்தான். களிமண் துகள்களின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கும். எத்தனை நேரம் வைத்தாலும் லேசில் அடியில் தங்காது. படிகாரம் போட்டால் அதிலுள்ள மூன்று நேர்மின்சுமை கொண்ட அலுமினியம் அயனி அந்தச் சுமையைச் சமன்செய்கிறது. கூடவே, தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற கொழகொழப்பான வீழ்படிவு உண்டாகி, துகள்களை வாரிக்கொண்டு கீழே இறங்குகிறது. 'படிகாரம் கிருமியைக் கொல்லும்' என்று எழுதிவிடாதீர்கள். கிருமிகளில் ஒரு பகுதி வீழ்படிவோடு அடியில் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

அப்புறம் மணல் வடிகட்டி, அதன்பின் குளோரின். சென்னைக்கு இது பழைய சங்கதி. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் 1914-லேயே வந்துவிட்டன. இந்த முறையில் கரைந்த உப்பு அப்படியே தங்கிவிடும். ஏரியில் அது முதலிலேயே குறைவு என்பதால் தொந்தரவு இல்லை.

ஆக, வேதியியல் கணக்கில் ஏரிக்குத்தான் முதலிடம். ஆனால் மழை பொய்த்தால் சுத்தப்படுத்தத் தண்ணீரே இருக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

கடல் நீர்

கடல் எந்தக் கோடையிலும் வற்றாது. சிக்கல் வேறு: ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. குடிநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கிட்டத்தட்ட 70 மடங்கு அதிகம்! மணலுக்கும் படிகாரத்துக்கும் சோடியம், குளோரைடு அயனிகள் சிக்காது.

இங்கேதான் உள்போட்டி: காய்ச்சி வடிப்பதா, உப்பை விடாத சவ்வு வழியே நீரை அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. என்கிற எதிர்ச்சவ்வூடு பரவலா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும். 1,000 லிட்டருக்கு 22.6 லட்சம் கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல் என்பதால், வகுத்தால் சுமார் 628 யூனிட். கொதிநிலைவரை சூடேற்றும் செலவு இதில் சேரவில்லை. ஆர்.ஓ.வில் அதே 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். ஒப்பீட்டுக் கேள்விக்கு இந்த ஒரு கணக்கு பத்து வரிக்குச் சமம். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வளைகுடா நாடுகளின் பெரிய வடிப்பு நிலையங்கள் ஆவி குளிரும்போது விடும் வெப்பத்தைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன, மின் நிலையத்தின் மிச்ச வெப்பத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் அங்கே உண்மைச் செலவு 628 யூனிட்டைவிட வெகுவாகக் குறையும். இருந்தும் ஆர்.ஓ.வை எட்டிப்பிடிப்பது கடினம்.

ஆர்.ஓ. ஏன் மலிவு? நீரின் நிலையை மாற்றவே இல்லை. அழுத்தம் மட்டும் தருகிறோம். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம், அதாவது நன்னீர் சவ்வு வழியே உப்புநீர்ப் பக்கம் போவதைத் தடுக்க வேண்டிய அழுத்தம், சுமார் 27 வளிமண்டல அழுத்தம். அதைத் தாண்டி 55 முதல் 70 வரை கொடுத்தால் நீர் சவ்வைக் கடந்துவிடும், உப்பு பின்தங்கும். உள்ளே போகும் 100 லிட்டரில் பொதுவாக 40, 45 லிட்டர்தான் நன்னீர். மீதி, ஏறத்தாழ இருமடங்கு உப்போடு கடலுக்கே திரும்பும். அடர்த்தி அதிகம் என்பதால் அது கலக்காமல் கடலடியில் தங்கினால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடு. குறைகளைக் கேட்டால் மின்செலவோடு இதையும் எழுதுங்கள்.

மீஞ்சூர் நிலையம் 2010-லும், நெம்மேலியின் முதல் நிலையம் 2013-லும் தொடங்கின. ஒவ்வொன்றும் தினமும் 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. சவ்விலிருந்து வரும் நீர் அநேகமாக வெறும் நீர். குழாயை அரிக்கும், சுவையும் இருக்காது. அதனால் கார்பன் டை ஆக்சைடும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்துக் கொஞ்சம் கால்சியம் பைகார்பனேட் ஏற்றுகிறார்கள். தூய நீர் வேறு, குடிநீர் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆய்வகத்தில் உப்புநீரை வடித்தால், வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெள்ளை வீழ்படிவு வந்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது.

கழிவுநீர்

முகம் சுளிக்க வைத்தாலும் சாக்கடையில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். உப்பும் கடலோடு பார்த்தால் மிகக் கொஞ்சம். பாரமாக இருப்பது கரிமப் பொருள். அதைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவுதான் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை; வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம்வரை இருக்கும். சூடான நம் ஊர் ஆற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவுதான். அப்படியே ஆற்றில் விட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

சல்லடையில் குப்பை, மணல் தொட்டியில் மண், படிவுத் தொட்டியில் கசடு என்று முதல் மூன்று படிகளும் வெறும் இயற்பியல். பிறகு நீரும் கசடும் பிரிந்து போகின்றன. நீருக்குக் காற்று ஊதி, ஆக்சிஜன் வேண்டும் பாக்டீரியாக்களை வளர்க்கிறார்கள்; அவை கரிமப் பொருளைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றும். இந்த முறையை மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் அறிவித்ததும் 1914-ல்தான். கசடு மூடிய தொட்டிக்குப் போகும். காற்றில்லாத அங்கே வேறு பாக்டீரியாக்கள் மீத்தேன் நிறைந்த வாயுவைத் தரும். காற்று ஊதுவது வேகமானது, ஆனால் மின்சாரம் தின்னும். காற்றில்லா முறை எரிபொருள் தரும், ஆனால் மெதுவாக நடக்கும். நீர்த்த சாக்கடையில் கழிவை மிச்சம் வைத்துவிடும். அதனால்தான் இரண்டையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். சென்னையின் சில நிலையங்களில் இந்த வாயுவிலிருந்து மின்சாரமும் எடுக்கிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் ஆற்றில் விடலாம், குடிக்க முடியாது. நுண்வடிகட்டல், ஆர்.ஓ., புற ஊதாக் கதிர் என்று மேலும் போக வேண்டும். கொடுங்கையூரில் ஆர்.ஓ.வரை கொண்டுபோய், தினமும் 4.5 கோடி லிட்டர் திறனில் மணலித் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீரில் சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003-ல் 'நியூவாட்டர்' என்று தொடங்கியது. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கு, கொஞ்சம் ஏரிகளில் கலந்து குடிநீராக.

இப்போது விடைக்கு வருவோம். படிகளை எண்ணினால் கழிவுநீர்தான் கடினம். மருந்து எச்சம், வைரஸ் என்று கவலையும் அதிகம். மின்சாரத்தை எண்ணினால் கடல்நீர்தான் கடினம், ஏனென்றால் உப்பு குறைந்த நீருக்கு ஆர்.ஓ. அழுத்தமும் குறைவு. எந்த அளவுகோலில் பேசுகிறீர்கள் என்று விடையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், ஏரிக்கு அடுத்த இடத்தைக் கழிவுநீருக்கே கொடுப்பேன். கோவை, மதுரை போல உள்நாட்டு ஊர்களுக்கு அருகில் கடல் இல்லை, சாக்கடை எங்கும் உண்டு. ஆனால் நிலையத்தை ஒரு நாள்கூடக் கவனிக்காமல் விட முடியாது.

கடைசிப் படி: குளோரினா, ஓசோனா?

ஓசோன் வேகமாகக் கொல்லும். சிறிது நேரத்தில் ஆக்சிஜனாகச் சிதைந்து மறைந்துவிடும். புற ஊதாக் கதிரும் அப்படித்தான், விளக்கைத் தாண்டினால் பாதுகாப்பு இல்லை. குளோரின் நீரோடு வினைபுரிந்து தரும் ஹைப்போகுளோரஸ் அமிலமோ குழாய் முனைவரை கூட வரும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கரிமப் பொருள் மிச்சமிருக்கும் நீரில் அது குளோரோஃபார்ம் போன்ற வேண்டாத சேர்மங்களையும் உண்டாக்கும் என்பது குறை. ஆனால் விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊரில், அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியே சாக்கடை உள்ளே கசியலாம். அதனால் ஓசோன் பயன்படுத்தும் பல நிலையங்களிலும் கடைசியில் கொஞ்சம் குளோரின் சேர்த்தே அனுப்புகிறார்கள்.