கடிக்கும் பெட்டியோடு ஐந்து வருடம்

பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கும் மைத்துனர் போன வாரம் கூப்பிட்டார். "மச்சான், பையனுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும். உங்க வீட்டுல அஞ்சு வருசமா ஓடுதே, அந்த பார்ட்ஸ் லிஸ்ட்டை அனுப்புங்க."

லிஸ்ட் ஒரு வரிதான். இன்டெல் ஐ3-10100 புரோசசர், எச்410 மதர்போர்டு, எட்டு ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் பவர் சப்ளை, இருந்ததிலேயே மலிவான கேசிங். மானிட்டர் இல்லாமல் 1,400 மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது. ஆனால் அந்தப் பெட்டி எங்களைக் கடித்த கதையைச் சொல்லாமல் லிஸ்ட்டை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை.

2021 தொடக்கத்தில் வாங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டு ஒரே கைப்பேசிக்கு அடித்துக்கொண்ட சமயம். பாகங்களில் பாதி கொரியரில் வந்தன. சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பூட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புரோசசர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இன்டெல் 1972லேயே பினாங்குக்கு வந்துவிட்டது என்பதில் ஏதோ தானே கூட்டிவந்த மாதிரி ஒரு பெருமை அவருக்கு. பெட்டியில் வியட்நாம் என்று போட்டிருந்தது. "இங்க இவ்வளவு பெரிய ஃபேக்டரி இருக்கு, அங்க எதுக்குப் போய் செய்றான்?" என்று அன்று முழுக்க எனக்குத்தான் திட்டு.

இரண்டாம் வாரம் சின்னவள் சொன்னாள், "அப்பா, பெட்டி கடிக்குது." குனிந்து பென்டிரைவ் செருகும்போது கேசிங்கின் ஓரத்தில் விரல் பட்டால் எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுவென்று இருக்கும். செருப்பு போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. வெறுங்காலில் மொசைக் தரையில் நின்றால் தெரியும். வீட்டுக்குள் யார் செருப்பு போடுகிறார்கள்? டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், மங்கலாக எரிந்தது.

உடனே கேசிங்கைத்தான் திட்டினேன். மெல்லிய தகரம், உள் ஓரமெல்லாம் பிளேடு மாதிரி, பூட்டும்போதே கட்டைவிரலைக் கிழித்த பெட்டி. அப்புறம் சந்தேகம் பவர் சப்ளை மேல் போனது. வாரண்டிக்கு எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் சோதித்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று கையில் கொடுத்துவிட்டார். கடுப்பில் கொம்தார் பக்கம் வேறொரு கடையில் 190 வெள்ளிக்கு நல்லதாகவே ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் கடித்தது! அதற்குப் பிறகு தோற்றுப்போய், கேசிங்கின் கீழே ஒரு ரப்பர் பாயைப் போட்டு, "ஈரக்கையோடு தொடாதே" என்று ஒரு சட்டமும் போட்டு, நான்கு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் சமையலறை சுவிட்சு மாற்ற வந்த வயர்மேன் அண்ணன் ரப்பர் பாயைப் பார்த்து ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நேராக எக்ஸ்டென்ஷன் வயரின் பிளக்கைக் கழற்றினார். உள்ளே பிரவுன் ஒன்று, நீலம் ஒன்று. பச்சை மஞ்சள் எர்த் கம்பியே இல்லை. மூன்று முள் பிளக், மூன்று ஓட்டை சாக்கெட், நடுவில் ஓடுவதோ இரண்டே கம்பி. பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் 12 வெள்ளிக்கு வாங்கியது. மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரையும் இல்லை.

அவர் விளக்கியது இதுதான். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு இன்னொன்று இருக்கும். அந்த எர்த்தும் கேசிங்கும் ஒன்று. எர்த் கம்பி சரியாக இருந்தால் கசிவு அந்த வழியே போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேசிங் மேல் நிற்கும். மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு, அதனால் குறுகுறுப்போடு விட்டுவிடுகிறது. ஆனால் நிஜமாகவே ஒரு நாள் லைன் கம்பி கேசிங்கில் பட்டிருந்தால் காப்பாற்ற அங்கே ஒன்றும் இல்லை என்றார். அன்றே முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கினேன். வெறுங்காலில் நின்று உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தேன். வெறும் தகரம்.

மற்றபடி குறை சொல்ல அதிகம் இல்லை. புரோசசர் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை, விண்டோஸ் 11ஐயும் ஏற்றுக்கொண்டது. 240 ஜிபி எஸ்எஸ்டிதான் சீக்கிரம் நிரம்பிவிட்டது, 480 எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது எட்டு ஜிபி ராமை 2023ல் போட்டது புத்திசாலித்தனம். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இப்போது அந்தத் துண்டைத் தொடவே கை கூசும்.

அதனால்தான் மைத்துனருக்கு, புதிதாக அசெம்பிள் பண்ணாதீர்கள், ஆபீஸில் ஓடி வந்த பழைய பிராண்டட் பெட்டி ஒன்றை வாங்கிப் பையனுக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இது என்ன என்று கேட்பார், கேட்கட்டும். இல்லை, அசெம்பிள்தான் என்றால் என் லிஸ்ட்டையே வாங்கலாம், அந்தக் கேசிங்கைத் தவிர. அதன்மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, இருந்தாலும் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. லிஸ்ட்டில் முதல் வரியாக எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டு அனுப்பினேன்.

"மச்சான், நான் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கேட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது.