ராம்நாடு கரையில் வேனில் தங்கினோம்: சாவி யாரிடம்?

ராமநாதபுரம் கடற்கரையில் வேனை நிறுத்திப் படுக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. காசும் யாரும் கேட்க மாட்டார்கள். பஞ்சம் கழிப்பறைக்குத்தான். அதுவும் கட்டாத கழிப்பறை இல்லை. கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, வாசலில் பெயர்ப்பலகையும் வைத்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கும் கழிப்பறை. இந்தத் தடவை ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து என் மனசில் நிற்பது அந்தப் பூட்டுதான். புதுப் பாம்பன் பாலம், ராமேஸ்வரம் தரிசனம், பொங்கல் கூட்டம் எல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. நான் பூட்டைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரில். மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு வேனில் தூங்குவது பழகிப்போன விஷயம். நகருக்குள் முடியாது. டென்வரில் 2012 முதலே பொது இடத்தில் முகாமிடத் தடை. பக்கத்து போல்டரிலும் அதே கெடுபிடி. ஆனால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் மேற்கே ஏறிவிட்டால் தேசிய வனம் வந்துவிடும். அங்கே பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். எந்த மண்சாலையில் வண்டி போகலாம், எங்கே ஓரம் கட்டலாம் என்று வனத்துறையே வரைபடம் போட்டுக் கொடுக்கிறது. தண்ணீர் நாம்தான் கொண்டுபோக வேண்டும். குப்பையைத் திருப்பி எடுத்து வர வேண்டும். காட்டில் ஒதுங்கினால் ஓடையிலிருந்து 200 அடி தள்ளி, குறைந்தது அரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். லெட்வில் என்கிற மலை ஊர்ப் பக்கம் பத்தாயிரம் அடி உயரத்தில், இரவில் தண்ணீர் பாட்டில் உறைந்துபோகும் குளிரில் படுத்திருக்கிறோம். அதே வாழ்க்கையை நம்ம கடற்கரையில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று என் மகளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

தம்பி ஒரு டெம்போ டிராவலர் வைத்திருக்கிறான். கோயில் சவாரிக்கு ஓட்டுவது. பின் சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டுக்கொண்டோம். அம்மா முதலில் சிரித்தார்கள். "இதுக்கா அமெரிக்காவுல இருந்து வந்தீங்க? அந்தக் காலத்துல ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரைக்கு வண்டி கட்டிப் போயி, அடியிலேயே படுத்து எந்திரிச்சவங்கதான நாங்க" என்றார்கள். உண்மைதான். கட்டுச்சோறு, தூக்குவாளி, ஜமுக்காளம், அரிக்கேன் விளக்கு என்று நம் வீடுகளில் எல்லோரும் போன பயணம் அது. சேதுவுக்கு நடந்து போகிறவர்களுக்காகவே வழிநெடுகச் சத்திரம் இருந்த பூமி. தனுஷ்கோடிப் பாதையில் முகுந்தராயர் சத்திரம் என்று ஊர்ப் பெயராகவே நிற்கிறது. இப்போதும் தை மாதம் பாருங்கள், சபரிமலை முடித்து வருகிற வேன்கள் சாலையோரம் நின்று, கேஸ் அடுப்பை இறக்கி, சாம்பாரே வைத்துவிடுகிறார்கள். வேன் வாழ்க்கையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்தக் கரை என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் அலை அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது அப்படியே தலைகீழ். இந்தக் கணக்குப் பார்த்துத்தான் மீனவர்களே படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றுவார்கள். நாங்கள் போனது ஜனவரி என்பதால் தெற்குக் கரை. ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில் ஒரு மீனவ ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்கு நல்லதுதான் செய்தார்கள்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் தம்பி கேட்டான். "படகு இறக்குற தடத்த மட்டும் விட்ருங்கப்பு, மத்த எடத்துல தாராளமாப் படுங்க" என்றார். ராத்திரி கடலோரக் காவல் போலீஸ் வந்து டார்ச் அடித்தார்கள். இலங்கை எதிரிலேயே இருக்கிறது, மஞ்சள், பீடி இலை, கடல் அட்டை என்று கடத்தல் நடக்கிற கரை. இருட்டில் நிற்கும் வேனை விசாரிக்காமல் போனால்தான் தப்பு. ஆதாரைப் பார்த்தார்கள், வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், அம்மாவைப் பார்த்ததும் "பனி எறங்கும், கதவச் சாத்திப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கரையிலிருந்து நூறு அடி தள்ளி அந்தக் கட்டடம். பெண்களுக்கு இரண்டு அறை, ஆண்களுக்கு இரண்டு அறை, மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. சுவரில் ஒரு கடல் பசு படம், பக்கத்தில் சுத்தம் பற்றிய வாசகம். அதை நம்பித்தான் அம்மாவை அங்கே தங்க வைத்தேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். விடிகாலை அஞ்சு மணிக்கு அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனால் கம்பிக் கதவில் பூட்டு. பித்தளைப் பூட்டு, நல்ல கனமானது. உப்புக் காற்றில் துரு ஏறிவிடக் கூடாதென்று அதன் மேல் ஒரு பால் கவரைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். அந்த ரப்பர் பேண்ட் புதிது. யாரோ அடிக்கடி வந்து மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். கதவுக்குக் கீழே மணல் மேடாகக் குவிந்து கிடந்தது, கதவு பல மாதமாக அசையவே இல்லை. பூட்டுக்கு இருக்கும் கவனிப்பு கதவுக்கு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீக்கடையில் கேட்டோம். "சாவி, வண்டி நிறுத்துறதுக்கு டிக்கெட் போடுற பையன்ட்ட இருக்கும்க்கா" என்றார்கள். அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவானாம். அவனுக்குப் போன் போட்டால், சாவி என்னிடம் இல்லை, தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் இருக்கிறது என்றான். அவர் வீட்டுக்குத் தம்பி ஓடினான். அவர் மனைவி, "எங்க வீட்டுலதான் ஆணியில தொங்குச்சு, போன மாசம் ஆபீசுக்காரங்க வந்தப்ப வாங்கிட்டுப் போனாங்க" என்றார். தம்பி அங்கும் இங்கும் அலைந்துகொண்டிருக்க, அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு. முள்ளுக்குள் ஒதுங்கவும் வழியில்லை. ஆண்கள் வலை இழுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

லெட்வில் மலையில் ஆளே இல்லாத பாதையின் தொடக்கத்தில் ஒரு கான்கிரீட் கழிப்பறை நிற்கும். அதில் பூட்டு கிடையாது. உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாள் மட்டும்தான். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, காவலாளி இல்லை. கீழே கசியாத ஒரு பெரிய தொட்டி. பின்பக்கம் கூரைக்கு மேல் நீளும் கறுப்புக் குழாய். வெயிலில் அது சூடேறி உள்ளே இருக்கும் காற்றை மேலே இழுத்துக்கொண்டு போவதால் அறைக்குள் நாற்றம் தங்காது. தொட்டி நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். பனி மூடினாலும் கதவு திறக்கும். இதை நினைத்து நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம். வெயிலும் காற்றும் ராமநாதபுரத்துக்காரனுக்குக் குறைவா? தண்ணீர்தான் குறைவு. தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் கழிப்பறையைக் கட்டி, பிறகு தண்ணீர் இல்லை என்பதற்காகப் பூட்டுகிறார்கள். கரையோர மணலில் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் ஊர்கள் இருக்கின்றன. தனுஷ்கோடியில் அப்படி ஊற்றுத் தோண்டிக் குடித்துத்தான் பிழைக்கிறார்கள். கசியாத தொட்டி என்றால் அந்த ஊற்றும் கெடாது. நம் ஆட்கள் கழுவிக்கொள்ள ஒரு வாளி தண்ணீர் போதும். அதை வைக்க ஒரு ஆள் போதும்.

அந்த நேரத்தில்தான் கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் வந்தார்கள். அமாவாசையை ஒட்டிய நாள், கடல் வற்றும் என்று கூட்டமாகக் கிளம்பியிருந்தார்கள். விரல் விரலாகத் துணி சுற்றி, நீருக்குள் பார்க்கும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரு அம்மா எங்களைப் பார்த்தவுடன் ஒன்றுமே கேட்கவில்லை. "வாங்கக்கா, நம்ம வீட்டுல போய்க்கிருவோம்" என்று அம்மாவின் மறு கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி வீடு. 12,000 ரூபாய் மானியத்தோடு கைக்காசும் போட்டுக் கட்டிய கழிப்பறை, தகரக் கதவு. உள்ளே நிறைகுடம் வைத்துவிட்டு வெளியே காவலுக்கு நின்றார். மற்ற பெண்கள் கடலுக்குள் இறங்கிவிட்டார்கள். இவருக்கு அன்றைக்கு நேரம் போனால் கூலி போனது மாதிரி. பணம் கொடுத்தேன், தொடவில்லை. அந்தக் குடமே காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் வரிசையில் நின்று பிடித்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "நாங்க மத்தியானம் கடல்ல இருந்து ஏறுவோம் தாயி. ஒடம்பெல்லாம் உப்பு. காலையில போனவளுக மத்தியானம் வரைக்கும் அடக்கிட்டுத்தான் கெடப்போம். இது நமக்குன்னுதான் கட்டுனாங்கன்னு சொன்னாக. தொறந்து ஒரு நாளும் பாக்கல." எங்களுக்கு ஒரு காலை. அவர்களுக்குத் தினமும்.

பத்து மணி வாக்கில் சாவி வந்தது. கொண்டுவந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பால் கவரைக் கழற்றி, பூட்டைத் திறந்து, மணலைக் காலால் தள்ளிக் கதவை நகர்த்தினார். உள்ளே டைல்ஸ் மேல் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரியவில்லை. குழாயைத் திருகினால் காற்று வந்தது. மோட்டார் வயரைத் திருடிவிடுவார்கள் என்று கழற்றி வைத்திருக்கிறார்களாம். "தொறந்து வச்சா நாறடிச்சிருவாங்கம்மா" என்றார். ஒரு நாளாவது திறந்து வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. பாசி எடுக்கும் பெண்களிடமே சாவியைக் கொடுங்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். "அது மேல கேக்கணும்" என்றார். எனக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனால் அந்த மனிதரிடம் கோபப்பட்டு என்ன செய்வது? அவர் கையில் இருந்தது சாவி மட்டும்தான்.

மற்ற இடங்களைப் பற்றி இரண்டு வரி. தனுஷ்கோடியில் இரவு தங்கும் ஆசை வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் சோதனைச் சாவடியில் வெளியாட்களை விடுவதில்லை. 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறார்கள், ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே போய்வருவதுதான் சரி. அரியமான் கடற்கரையின் சவுக்குத் தோப்பு பகலில் அருமை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இறங்கவே கூடாது, கடல் தேசியப் பூங்கா அது. வண்டியை மணலில் இறக்காமல் கெட்டித் தரையிலேயே நிறுத்துங்கள். கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர் வேண்டும், கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் ஒன்றில் கழிப்பறை திறந்தும் சுத்தமாகவும் இருந்தது. அங்கே டீசல் போட்டுவிட்டு அந்தப் பையனுக்குத் தனியாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கொலராடோ மலையிலும் கட்டண முகாம் என்றால் இரவுக்கு இருபது, முப்பது டாலர் தருகிறோம். இங்கே ஊராட்சி ஒரு வேனுக்கு நூறு இருநூறு ரூபாய் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? டிசம்பர், ஜனவரியில் ஊருக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் குடும்பத்தோடு இப்படித் தங்க ஆசைப்படுகிறவர்கள். அந்தப் பணத்தில் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் சாவி ஊரிலேயே இருக்கும்.

தம்பியை உட்கார வைத்து மனு எழுதினோம். ஜனவரி 26 கிராம சபையில் கொடுப்பதற்கு. மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம்: சாவியைப் பாசி எடுக்கும் பெண்கள் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும், மோட்டார் வயரைத் திரும்ப மாட்ட வேண்டும், கடலிலிருந்து ஏறுகிறவர்கள் உடம்பு கழுவ வெளிச்சுவரில் ஒரு குழாய் வைக்க வேண்டும். மூன்றாவது அந்த அம்மா சொல்லி எழுதியது. முதல் கையெழுத்தும் அவருடையதுதான், அதற்குக் கீழே அவரோடு பாசிக்குப் போகிற பெண்கள் எல்லோரும் போட்டார்கள். கூட்டத்தில் மனுவைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்களா என்று தம்பி நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஏற்றவில்லை என்றால் அடுத்த சபை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று. அன்றைக்கும் கொடுப்போம்.