டான்ஸ்டாக் குவெரி: முதல் ரிக்வெஸ்ட் விழுந்தால் இரண்டாவதுக்குத் தெரிவதில்லை

“முதல் ஏபிஐ கொடுக்கும் ஐடியை வைத்து இரண்டாவதைக் கூப்பிட வேண்டும். எனேபிள்ட் போட்டால் போதும்தானே?” என்று டான்ஸ்டாக் குவெரி பயன்படுத்தும் நண்பர் கேட்டார். இது ரியாக்டில் சர்வரிலிருந்து டேட்டாவை எடுத்துக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்கும் லைப்ரரி; எனேபிள்ட் என்பது ஒரு குவெரி, அதாவது ஒரு டேட்டா கோரிக்கை, எப்போது ஓடலாம் என்று சொல்லும் நிபந்தனை. போடலாம், ஆனால் போதாது. ரியாக்ட் குவெரி என்ற பெயரில் இருந்த வெர்ஷன் 3 முதல் இன்றைய வெர்ஷன் 5 வரை இந்த லைப்ரரியோடு புழங்கியதில், எனக்குத் தீராத எரிச்சல் தருவது இந்த ஒரு இடம்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கத்தில் பத்து காம்போனென்ட்கள் ஒரே யூசர் விவரத்தைக் கேட்டாலும் சர்வருக்குப் போவது ஒரே ரிக்வெஸ்ட். கேஷில் டேட்டாவை அடையாளம் காட்டும் குவெரி கீயில் யூசர் ஐடியைச் சேர்த்துவிட்டால், ஆள் மாறும்போது அவருடைய ப்ராஜெக்ட் பட்டியல் தானாக மாறும். ரியாக்டின் யூஸ் எஃபெக்டும் ஸ்டேட்டும் வைத்துக் கையால் எழுதிய சங்கிலிகளில், தாமதமாக வந்து சேரும் பழைய பதில் புதியதை மிதித்துவிடும் கோளாறு சாதாரணம். இங்கே அது வராது, ஐடியைக் கீயில் போட மறக்காதவரை. மறந்தால் முந்தைய ஆளின் பட்டியல் புதியவர் பெயருக்குக் கீழே நிற்கும்.

இனி எரிச்சல். ஈமெயிலைக் கொடுத்து யூசரை வாங்குவது முதல் குவெரி. அந்த ஐடியால் ப்ராஜெக்டுகளை எடுப்பது இரண்டாவது. அதில் எனேபிள்டுக்கு நேராக “ஐடி இருந்தால்” என்று நிபந்தனை. முதலாவது விழுந்தால் இரண்டாவது எரர் நிலைக்குப் போகாது, ஏனென்றால் அது ஓடவே இல்லை. ஸ்டேட்டஸ் ‘பெண்டிங்’ (டேட்டா இன்னும் இல்லை), ஃபெட்ச் ஸ்டேட்டஸ் ‘ஐடில்’ (ரிக்வெஸ்ட் ஓடவில்லை) என்று அப்படியே கிடக்கும். ஸ்க்ரீனில் இஸ்பெண்டிங்கைப் பார்த்து ஸ்பின்னர் காட்டினால் அது நிற்காமல் சுற்றும். இஸ்லோடிங்கைப் பார்த்தால் ஸ்பின்னர் மறைந்து வெற்றுப் பக்கம் வரும். இரண்டுமே பயனருக்குப் பொய் சொல்கின்றன.

பெயர் மாற்றங்கள் குழப்பத்தைக் கூட்டின. வெர்ஷன் 3இல் ஓடாத குவெரிக்கு ‘ஐடில்’ என்று தனி ஸ்டேட்டஸே இருந்தது. 2022இல் வந்த வெர்ஷன் 4 அதை எடுத்துவிட்டது. அதனால் முடக்கி வைத்த குவெரியிலும் இஸ்லோடிங் ‘ட்ரூ’ என்றே நின்றது. 2023 அக்டோபரில் வந்த வெர்ஷன் 5 ‘லோடிங்’ நிலையைப் ‘பெண்டிங்’ ஆக்கி, இஸ்லோடிங்குக்கு வேறு அர்த்தம் கொடுத்தது: டேட்டா இல்லை, ரிக்வெஸ்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த அர்த்தம் சரியானதுதான். ஆனால் அதே பெயரை மறுபடி எடுத்தது தவறு. பழைய கோட் எரர் எதுவும் தராமல் கம்பைல் ஆகி, வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

எல்லாவற்றையும் விட மோசமான நிலை, எங்குமே எரர் இல்லாமல் சங்கிலி நின்றுபோவது. பிரவுசரின் ஃபெட்ச், 404க்கும் (கிடைக்கவில்லை) 500க்கும் (சர்வர் கோளாறு) எரர் எறியாது. டேட்டாவை எடுக்கும் குவெரி ஃபங்ஷனில் ரெஸ்பான்ஸின் ‘ஓகே’வைச் சோதிக்காமல் ஜேசனைத் திருப்பினால், சர்வர் அனுப்பிய “யூசர் இல்லை” என்ற செய்தியே டேட்டாவாகக் கேஷில் உட்காரும். முதல் குவெரி ‘சக்ஸஸ்’. அதில் ஐடி இல்லை, ஆகவே இரண்டாவது ஓடாது. குவெரிகளின் நிலையைக் காட்டும் டெவ்டூல்ஸைத் திறந்தால் சிவப்பே இருக்காது. எனவே ‘ஓகே’ இல்லையென்றால் ஸ்டேட்டஸ் எண்ணோடு ஒரு எரரை எறியுங்கள். அந்த எண் இருந்தால் ரீட்ரையையும் அடக்கலாம். இயல்பாக 3 முறை, 1, 2, 4 நொடி இடைவெளியில் மறுபடி முயலும். இல்லாத யூசருக்காக 7 நொடிக்கு மேல் காத்திருப்பதில் என்ன பயன்? 404 என்றால் ரீட்ரை ஃபங்ஷன் ‘ஃபால்ஸ்’ தரட்டும்.

நிபந்தனையை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். இரட்டை ஆச்சரியக்குறி போட்டு ஐடியைப் பூலியன் ஆக்குவது வழக்கம். ஐடி 0 ஆக வரக்கூடிய சிஸ்டத்தில் அது ‘ஃபால்ஸ்’ ஆகிக் கதவைப் பூட்டிவிடும். மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘அன்டிஃபைன்ட்’, ‘நல்’ (null) இரண்டில் ஒன்றா என்று நேராகவே சோதியுங்கள். 5.25இல் வந்த, ‘இதை ஓட்டாதே’ என்று சொல்லும் ஸ்கிப்டோக்கன் இதைவிடத் தேவலை: ஐடி இருந்தால் குவெரி ஃபங்ஷன், இல்லையென்றால் ஸ்கிப்டோக்கன். டைப்ஸ்க்ரிப்டும் ஐடியின் டைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளும். இன்னொரு லாபமும் உண்டு. குவெரியைக் கையால் மறுபடி ஓட்டும் ரீஃபெட்ச், எனேபிள்டை மதிப்பதே இல்லை. “மறுபடி முயற்சி செய்” பட்டனில் இரண்டாவது குவெரியின் ரீஃபெட்சை மாட்டிவிட்டால், சர்வர் லாகில் ‘யூசர்ஸ்/அன்டிஃபைன்ட்/ப்ராஜெக்ட்ஸ்’ என்ற யூஆர்எல் வந்து நிற்கும். ஸ்கிப்டோக்கன் இருந்தால் அந்த ரீஃபெட்ச் சர்வர் வரை போகாது, ‘மிஸ்ஸிங் குவெரி ஃபங்ஷன்’ என்ற எரரோடு அங்கேயே நிற்கும். விழுந்தது முதலாவது என்றால் பட்டன் கூப்பிட வேண்டியதும் முதலாவதைத்தான்.

ஸ்க்ரீனில் சோதிக்கும் வரிசை இது: முதல் குவெரியின் எரர், அடுத்து இரண்டாவதின் எரர், பிறகு இரண்டாவதின் இஸ்பெண்டிங். எரருக்கு இஸ்எரர் வேண்டாம், டேட்டா எதுவும் வராமலே தோற்றதைச் சொல்லும் இஸ்லோடிங்எரர் பாருங்கள். விண்டோவுக்குத் திரும்பும்போது பின்னணியில் நடக்கும் ரீஃபெட்ச் தோற்றாலும் ஸ்டேட்டஸ் ‘எரர்’ ஆகிவிடும், பழைய டேட்டா பத்திரமாக இருக்கும்போதே. அதற்காக நல்ல பட்டியலை அழித்து எரர் பக்கம் காட்டுவது அநியாயம்.

இவ்வளவு கண்காணிப்பு வேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது, நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். குவெரி ஒன்றே ஒன்று. அதன் ஃபங்ஷனுக்குள் முதலில், கேஷை நிர்வகிக்கும் குவெரி க்ளையன்டின் என்ஷ்யூர்குவெரிடேட்டாவால் யூசரை வாங்குங்கள், பிறகு அவெயிட் போட்டு ப்ராஜெக்டுகளை எடுங்கள். யூசர் ஏற்கெனவே கேஷில் இருந்தால் ரிக்வெஸ்ட் போகாது. இல்லையென்றால் எடுத்துத் தன் கீயிலேயே சேமிக்கும், மற்ற காம்போனென்ட்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். எது விழுந்தாலும் எரர் ஒரே இடத்தில் வரும். கீயில் ஈமெயிலைச் சேருங்கள். ஒரு குறை: என்ஷ்யூர் பழைய டேட்டாவையும் அப்படியே தரும். புதியதுதான் வேண்டுமென்றால் ஸ்டேல்டைமோடு (டேட்டா எவ்வளவு நேரம் புதியது என்ற அளவு) ஃபெட்ச்குவெரி. அதற்கு இயல்பாக ரீட்ரை கிடையாது, வெளியே இருக்கும் குவெரியின் ரீட்ரை முழுச் சங்கிலியையும் மறுபடி ஓட்டும்.

எப்படி எழுதினாலும் நேரம் கூடத்தான் செய்யும். ஒவ்வொன்றும் 200 மில்லிசெகண்ட் எடுக்கும் மூன்று ரிக்வெஸ்ட் வரிசையாகப் போனால் 600. சர்வர் உங்கள் கையில் இருந்தால் ஈமெயிலை வாங்கிக்கொண்டு ப்ராஜெக்டுகளை நேரே தரும் ஒரு எண்ட்பாயிண்ட் எழுதிவிடுங்கள்.

கேஷுக்காக இந்த லைப்ரரியை யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். ரியாக்டில் இதைத் தவிர வேறெதற்கும் கை போவதில்லை. ஆனால் ஒன்றையொன்று சார்ந்த ரிக்வெஸ்டுகளுக்கு எனேபிள்டை நம்பி எழுதிய கோடை ரிவ்யூவில் பார்த்தால், இனி திருப்பித்தான் அனுப்புவேன்.