வீட்டு வைஃபை பாதுகாப்பு: பல வருடப் பயன்பாட்டில் நிலைத்தவையும் நான் எடுத்துவிட்டவையும்

வீட்டு வைஃபைக்குள் வெளியாட்கள் வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று தேடினால் நீளமான பட்டியல் கிடைக்கும். அதில் சொல்லும் பெரும்பாலானவற்றை என் வீட்டு ரவுட்டரில் போட்டு, வருடக்கணக்கில் அதோடு வாழ்ந்து பார்த்துவிட்டேன். நடுவில் ரவுட்டரே ஒருமுறை மாறியது. போட்டவற்றில் சில இன்றும் அப்படியே இருக்கின்றன. சிலவற்றை எடுத்துவிட்டேன், அதனால் பாதுகாப்பு எள்ளளவும் குறையவில்லை.

முதலில் கெஸ்ட் நெட்வொர்க்கைப் பற்றி, அதாவது விருந்தினருக்கென அதே ரவுட்டரில் தனியே இயக்கும் இன்னொரு வைஃபையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தனை வருடத்தில் அதிகப் பலன் தந்தது அதுதான். பூட்டை உடைத்து வருகிறவரைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம். என் அனுபவத்தில் பாஸ்வேர்டு வெளியே போவது நம் கையால்தான். வீட்டுக்கு வந்தவர் கேட்கிறார், கொடுக்கிறோம். அவர் ஃபோனில் அது தங்கிவிடுகிறது. அவர் புது ஃபோன் வாங்கினால் பேக்கப் வழியாக அதிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வைஃபை செட்டிங்ஸில் ‘பகிர்’ என்பதைத் தொட்டால் கியூஆர் கோடு வரும். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அந்தக் கோடுக்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், நமக்குத் தகவல் எதுவும் வராது.

அதனால் எங்கள் வீட்டில் முதன்மை நெட்வொர்க்கின் பாஸ்வேர்டு வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். மற்ற எல்லோருக்கும் கெஸ்ட். அதன் பாஸ்வேர்டை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம், வீட்டில் ஒருவர் ஃபோனும் அறுந்து நிற்காது. ரவுட்டரில் கெஸ்ட்டை இயக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சில மாடல்களில் அது பாஸ்வேர்டே இல்லாமல் திறந்தபடி தொடங்கும். இன்னொன்று, ‘உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி’ என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அது காலியாக இருந்தால்தான் விருந்தினர் ஃபோனுக்கும் உங்கள் கணினிக்கும் நடுவில் சுவர் நிற்கும்.

வைஃபையில் ஓடும் பல்பு, கேமரா, பிளக் எல்லாவற்றையும் கெஸ்ட்டுக்கே தள்ளிவிட்டேன். அவற்றில் பல ஒருமுறை வாங்கியதோடு சரி, அப்டேட் என்பதே வராது. டிவியை மட்டும் முதன்மை நெட்வொர்க்குக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஃபோனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோனில் டிவியின் பெயரே வராது. தினமும் அந்த வசதியைப் பயன்படுத்துகிற வீட்டில் இதைத் தடுத்தால், கடைசியில் யாராவது பிரிவினையையே நீக்கிவிடுவார்கள்.

அடுத்து பாஸ்வேர்டின் நீளம். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை குறியாக்க முறையில் ஃபோனும் ரவுட்டரும் இணையும் நேரத்தில் பரிமாறிக்கொள்ளும் சில செய்திகளை அருகில் இருக்கும் யாரும் பதிவு செய்துகொள்ள முடியும். அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு போய், தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஓட்டிப் பார்க்கலாம். ரவுட்டருக்கு இது தெரியாது, தவறான முயற்சி என்று எங்கும் பதிவாகாது. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை பாஸ்வேர்டாக வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்: பத்து இலக்கத்தில் சாத்தியம் மொத்தமே 1,000 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டு சோதிக்கும். மூன்று மணி நேரத்துக்குள் எல்லா எண்ணும் முடிந்துவிடும்.

நான் வைத்திருப்பது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்கள், எல்லாம் சிறிய எழுத்தில், குறியீடு எதுவும் கிடையாது. பகடை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சொல் எடுக்கும் முறை ஒன்று உண்டு. அப்படி எடுத்த ஐந்து சொற்களை அதே கார்டு முழுவதும் ஓட்டிப் பார்க்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அனுமதிக்கப்பட்ட நீளம் 8 முதல் 63 எழுத்து வரை என்பதால் தாராளமாக இடம் இருக்கிறது. குறியீடுகளைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. டிவி ரிமோட்டில் பாஸ்வேர்டு அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அம்புக்குறி பொத்தானை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகப் போக வேண்டும், ஒரு பெரிய எழுத்துக்காகத் தனியே ஷிஃப்ட், ஒரு ஆச்சரியக்குறிக்காக வேறு பக்கம். அந்த எரிச்சல்தான் வீடுகளில் பாஸ்வேர்டு ‘12345678’ என்று சுருங்குவதற்குக் காரணம். நீளம் பாதுகாப்பைத் தருகிறது, சிறிய எழுத்து பொறுமையைக் காக்கிறது.

ரவுட்டரின் பெயரையும், அதாவது வைஃபை பட்டியலில் தெரியும் பெயரை, மாற்றிவிடுங்கள். டபிள்யூபிஏ2 சாவி பாஸ்வேர்டையும் பெயரையும் சேர்த்துத்தான் உருவாகிறது. எல்லோர் வீட்டிலும் இருக்கும் தொழிற்சாலைப் பெயராக இருந்தால் அதற்கென முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணைகளைப் பயன்படுத்த வழி கிடைக்கும். குடும்பப் பெயர், வீட்டு எண் இரண்டையும் அதில் போடாதீர்கள்.

டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பொத்தானாலோ பின் எண்ணாலோ கருவியை இணைக்கும் வசதி. இதை மட்டும் யார் கேட்டாலும் அணைக்கச் சொல்வேன். எட்டு இலக்க பின் எண் என்று சொன்னாலும் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மீதியை ரவுட்டர் நான்கும் மூன்றுமாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. முதல் பாதி சரியா தவறா என்பதை அப்போதே சொல்லியும் விடுகிறது. அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பின் கிடைத்துவிடும், பின் கிடைத்தால் எவ்வளவு நீளமான பாஸ்வேர்டும் கைக்கு வந்துவிடும். ஸ்டெஃபான் ஃபீபெக் 2011-லேயே இதை வெளிப்படுத்திவிட்டார். பிற்காலத்து ரவுட்டர்கள் தொடர்ந்து தவறினால் சற்று நேரம் பூட்டிக்கொள்கின்றன. ஆனாலும் வீட்டில் வருடத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படாத வசதிக்காக இந்தச் சந்தேகத்தைச் சுமப்பானேன்?

இங்கே நீண்டகாலப் பயன்பாட்டில்தான் தெரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. அணைத்தது அணைத்தபடியே இருக்கும் என்று நம்ப முடியாது. இணைப்பில் கோளாறு என்று வந்த பணியாளர் ரவுட்டரை ரீசெட் செய்துவிட்டுப் போனார். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையபடி போட்டுக் கொடுத்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் டபிள்யூபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தது, கெஸ்ட் பிரிவினை போயிருந்தது, ரவுட்டர் செட்டிங்ஸை மாற்றும் நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் இருப்பதற்கே திரும்பியிருந்தது. அன்றிலிருந்து செட்டிங்ஸின் பேக்கப் கோப்பைக் கணினியில் வைத்திருக்கிறேன். ரவுட்டருக்கு எது நடந்தாலும், ஃபோனில் ஒரு வைஃபை ஸ்கேனர் ஆப்பைத் திறந்து, எங்கள் நெட்வொர்க் பெயருக்குக் கீழே டபிள்யூபிஎஸ் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுவேன். ரவுட்டர் பக்கம் ‘ஆஃப்’ என்று சொல்வதைவிடக் காற்றில் என்ன தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

இனி எடுத்துவிட்டவை. நெட்வொர்க் பெயரை மறைப்பது வீண். ஃபோன் இணையும்போது அந்தப் பெயர் எப்படியும் காற்றில் போகிறது. போதாக்குறைக்கு, மறைந்த பெயரைத் தேடி ஃபோன் போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே திரியும். மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண், அதைப் பார்த்து அனுமதிக்கும் வடிகட்டியும் அப்படித்தான். குறியாக்கம் எவ்வளவு பலமாக இருந்தாலும் மேக் முகவரி திறந்தபடியே பறக்கிறது, கேட்டு அதே முகவரியைத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்ளலாம். அது தடுத்ததெல்லாம் எங்கள் வீட்டு ஃபோன்களைத்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து ஃபோன்கள் உண்மையான முகவரியைக் கொடுக்காமல் நெட்வொர்க்குக்கு ஒரு தற்செயல் முகவரியைப் போட்டுக்கொள்கின்றன. சிக்னல் அளவைக் குறைத்தும் பார்த்தேன். உள்ளறையில் வீடியோ அழைப்பு திக்கியது, அவ்வளவுதான்.

இந்தத் தற்செயல் முகவரியால் இன்னொரு குழப்பமும் வரும். ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் பெயரில்லாத ஒன்று நிற்கும், நெஞ்சு பதறும். முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபோன் தானே உருவாக்கிய முகவரி. வீட்டில் இருக்கும் ஃபோன்களில் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்தால் எது மறைகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றும் மறையவில்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், எல்லாம் கழன்று விழும், உங்களுடையவற்றை மட்டும் திரும்ப இணைக்கலாம். மாதாமாதம் மாற்ற வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. வீட்டை விட்டு ஒருவர் நிரந்தரமாகப் போகும்போதும், சந்தேகம் வரும்போதும் மாற்றினால் போதும்.

நிர்வாகப் பக்கத்துக்கு வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறான ஒன்றை வையுங்கள். இணையத்திலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது பெரிய வித்தை எதுவும் காட்டி அல்ல. தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உள்ளே போனது.

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபார்ம்வேருக்கு அப்டேட் தானாக வரும்படி வைத்திருக்கிறேன். 2017-இல் கிராக் என்ற குறை டபிள்யூபிஏ2-விலேயே வெளிப்பட்டபோது ரவுட்டரோடு ஃபோன், லேப்டாப் எல்லாவற்றையும் அப்டேட் செய்ய வேண்டியிருந்தது. நான் முந்தைய ரவுட்டரைக் கழற்றியதே அதற்காகத்தான்: வேகம் நன்றாக இருந்தது, ஆனால் அப்டேட் வருவது நின்றுவிட்டது. வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று எண்ணுவதற்கு முன் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று விசாரியுங்கள்.

இப்போதைய ரவுட்டரில் டபிள்யூபிஏ2-க்கு அடுத்ததாக 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இருக்கிறது. பதிவு செய்துகொண்டு போய் ஆற அமர ஊகிக்கும் வேலை அதில் பலிக்காது, ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே வந்து சொல்லிப் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் பிரிண்டருக்கு டபிள்யூபிஏ2-தான் தெரியும். அதனால் முதன்மை நெட்வொர்க் இன்னும் இரண்டும் கலந்த முறையில்தான் ஓடுகிறது, டபிள்யூபிஏ2 வழியாக இணைபவருக்கு நீளமான பாஸ்வேர்டுதான் காவல். பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் மாட்டிவிட்டு முழுவதும் டபிள்யூபிஏ3-க்குப் போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது; ஃபோனிலிருந்து அச்சிட முடியாமல் போகும் என்பது ஒன்றுதான் தடை.